மிஞ்சிய புளியங்கொட்டைகள்

“குதிர் காலியாயிருச்சு சாமி. கொட்டை மட்டும் மிச்சமிருக்கு” என்றாள் ஒச்சம்மா.

பாறைமடத்துச் சாமிக்கு அவள் மகன் வயதுதான். ஆனாலும் வெள்ளி தவறாமல் மலையேறி வந்து மடத்தைக் கூட்டுவாள். வழக்கமாக வருவது ஞானம் கேட்டு. அன்றைக்குக் கேட்டது வேறு.

அவள் வீட்டுக் கணக்கு சுலபம். அறுப்பு முடிந்ததும் கேழ்வரகை அளந்து குதிரில் கொட்டுவாள். படிக்கு ஒரு புளியங்கொட்டை கலயத்தில் விழும். உலைக்கு ஒரு படி எடுத்தால், ஒரு கொட்டையை வெளியே எடுத்துவிடுவாள். குதிரும் கலயமும் ஒன்றாகத்தான் காலியாக வேண்டும்.

வருஷா வருஷம் குதிர்தான் முந்திக்கொள்கிறது. அறுப்புக்கு முந்தின மாசம் வீடே அரை வயிற்றோடு கிடக்கிறது.

குதிர் அறையின் சாவி அவள் இடுப்பில். அளப்பதும் அவளே. அவள் மதியம் கண்ணயரும்போது மருமகள் தவமணி சாவியை எடுத்துத் தாய் வீட்டுக்குக் கடத்துகிறாள், வேறென்ன? மகனிடம் சொல்லியாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் தவமணியை அவள் அப்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவான்.

“அவ அழுதுக்கிட்டே துணி மடிக்கிறா. திருடினது அவதானான்னு சாமி ஒரு வார்த்தை சொல்லணும்.”

இந்தக் கொட்டைக் கணக்கு எப்போதிருந்து என்று சாமி விசாரித்தார்.

மகனுக்குக் கல்யாணமானதிலிருந்து என்றாள்.

சாமி மடத்துக்குள் கைகாட்டினார். மூலையில் ஒரு கேழ்வரகு மூட்டை இருந்தது. அதை அளந்து பானையில் கொட்டச் சொன்னார்.

இந்த நேரத்தில் இது என்ன வேலை என்று அவளுக்கு எரிச்சல். ஆனாலும் அளந்தாள். படியை நிரப்பி, உள்ளங்கையால் தலை தட்டிச் சமமாக்கி, பானையில் கொட்டினாள். பழக்கதோஷம், சாமிக்குக் காட்ட முந்தானையில் முடிந்து வந்த கொட்டைகளில் படிக்கு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டாள்.

மூட்டை காலியானது.

“இன்னைக்கு ஊருக்கே கூழ் ஊத்துறோம் தாயி. மொத்தத்தையும் உலைக்கு அள” என்றார் சாமி.

அளந்தாள். உலைக்கு அளக்கும்போது அந்த ஊரில் யாரும் தலை தட்டுவதில்லை. தட்டினால் வீட்டில் பஞ்சம் வந்துவிடுமாம். படிமேல் குவியல் நிற்க நிற்க எடுத்துப் போட்டாள். ஒவ்வொரு படிக்கும் மடியிலிருந்து ஒரு கொட்டை போனது.

கை பானையின் அடியைத் தட்டியது.

மடியைத் தொட்டுப் பார்த்தாள். கொட்டைகள் இருந்தன.

“தவமணி இங்க வந்தாளா?” என்று கேட்டார் சாமி.

ஒச்சம்மா படியின் விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பிறகு மெல்லக் கேட்டாள், இனி உலைக்கும் தலை தட்டியே அளக்கட்டுமா என்று.

“பேரன் சோத்துலயா?” என்றார் சாமி.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைச் செய்ய அவளால் முடியாது, அது அவளுக்கே தெரியும்.

மலைக்குக் கீழே வண்டியில் மாடு பூட்டும் மணிச் சத்தம் கேட்டது. மகனுடைய வண்டிதான். அவள் பதறி எழுந்தாள். படியிறங்கப் போனவள் திரும்பி வந்தாள்.

“அவ மூஞ்சில எப்படி முழிப்பேன் சாமி? என்னன்னு சொல்லுவேன்?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். இடுப்புல இருக்கிற சாவியை அவகிட்டக் குடு.”