பெருமாள் கேட்காத உப்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்காட்டுச் சீமையை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தான். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு வேதம். அதனால் விளைந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ராணி பூங்கோதைக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் நாளே இறந்துபோனது. பெற்றவளை அழக்கூட விடாமல் ராஜகுரு வித்யாகரர் வந்து நின்றார்.

"பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, பெருமாளுக்குப் படைக்கும் முன்பே பசி தாங்காமல் ஒரு கவளம் பொங்கல் சாப்பிட்டீர்களே தாயே, அதற்குத்தான் தண்டித்துவிட்டார்" என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது? அன்றிலிருந்து ராணி சோற்றைத் தொடவில்லை. கண்ணை மூடினால் பெருமாள் பிரம்போடு நிற்கிறார் என்று நடுங்கினாள். பத்து நாளில் வைத்தியர் கையை விரித்துவிட்டார். ராஜகுருவோ இன்னும் ஒரு மண்டலம் விரதம் இருக்கச் சொன்னார். அதற்கும் ராஜா தலையாட்டினான்.

கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் சாரநாதனுக்குப் பொறுக்கவில்லை. நேரே சபைக்கு வந்தான்.

"மகாராஜா, அந்தக் கவளத்தைக் கொடுத்தவனே நான்தான். பெருமாளுக்குக் கோபம்னா என்னையில்ல தண்டிக்கணும்? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே."

ராஜா அவன் சமையலை மெச்சுவதில் ராஜகுருவுக்கு ஏற்கெனவே பொறாமை. "கரண்டி பிடிக்கிறவனுக்குப் பெருமாள் மனசு தெரியுமோ?" என்றார்.

"இருபது வருஷமா சோறு போடுறேன் சுவாமி. கொஞ்சம் தெரியும்."

"அவருக்குக் கோபமில்லை என்று நாளைக்கே நிரூபி. இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ" என்றான் ராஜா.

மறுநாள் காலை ராணியையும் பல்லக்கில் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கோயில் வழக்கப்படி, படைக்கும் முன் சமைத்தவன் ருசி பார்க்கக் கூடாது. படைத்ததும் முதல் பிரசாதம் ராஜகுருவுக்கு. மணி அடித்தது, திரை விலகியது, பொங்கல் வந்தது. ராஜகுரு ஒரு வாய் போட்டார். முகம் சிவந்துவிட்டது.

"அடே பாவி, ஒரு கல் உப்புகூட இல்லையே. மகாராஜா, இவனைக் கட்டிவைத்து நாற்பது கசையடி கொடுங்கள்."

சாரநாதன் கைகட்டி நின்றான். "இன்னைக்கு வேணும்னேதான் போடல. ருசி பார்க்காம சமைக்கிறதால எத்தனையோ நாள் மறந்தும் போயிருக்கு. பெருமாள் ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. இன்னைக்கும் முதல்ல சாப்பிட்டது அவர்தான், சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். அடுத்துச் சாப்பிட்டவர் கசை கேக்குறார். அம்மா, உங்க கண்ணுக்குள்ள பிரம்போட நிக்கிறது யாருன்னு இப்போ நல்லாப் பாருங்க."

ராணி பெருமாளைப் பார்த்தாள். ராஜகுருவைப் பார்த்தாள். பத்து நாளாக வராத அழுகை அப்போது வந்தது. பயத்தால் அல்ல, குழந்தைக்காக அழுதாள்.

ராஜா தலைகுனிந்து நின்றான். ராஜகுருவை மடைப்பள்ளிக்கு விறகு சுமக்க அனுப்பினான். சாரநாதனை என்ன வேண்டும் என்று கேட்டான்.

"பசியோட வர்ற பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் இனிமே முதல் கவளம், மகாராஜா. படைக்கிறதுக்கு முன்னாடியே."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். ஒரு கவளம் வாங்கி மெதுவாக மென்றாள்.

"உப்பே இல்லையே சாரநாதா" என்றாள். பிறகு இன்னொரு கவளம் கேட்டாள்.