எட்டுக்குப் பத்தில் அடங்காத முதுகு

“சாமி, வெட்டிப்போட்ட படத்தைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது வழி இருக்கா?”

நல்லசிவம் கேட்டார். கையில் போன். நெற்றியில் திருநீறு வேர்வையோடு குழைந்து புருவம்வரை வந்திருந்தது.

சாமி கொடியில் வேட்டியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சிஷ்யர் நல்லசிவத்தைவிட இருபது வயது இளையவர்.

“நானும் பத்து வருசமா கண்ணை மூடி உக்காருதேன். அப்படி ஒரு பட்டன் இதுவரை தட்டுப்படலையே” என்றார்.

நல்லசிவம் சிரிக்கவில்லை.

சாமி உதறுவதை நிறுத்தினார். “யாரு வந்திருக்கா?”

“சுடலைமுத்து சம்சாரம், செண்பகவடிவு. கூடத்துல உட்கார்ந்திருக்காங்க.”

“கருப்பட்டி வியாபாரியா?”

“அவர்தான். போன மாசம் தவறிட்டாராம். தைப்பூசத்தன்னைக்கு உங்க கால்ல விழுந்தாரே, அந்தப் படத்தை முழுசாக் கேட்கிறாங்க.”

“குடுங்க.”

“முழுசு இல்லை சாமி.”



மடத்துக்கு வருகிறவர்கள் சாமி காலில் விழுவார்கள். அவர்கள் விழும்போது நல்லசிவம் பின்னால் நின்று போனில் படம் எடுப்பார். டவுனில் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி, அடுத்த தடவை வரும்போது கையில் கொடுப்பார். ஏழு வருஷமாக இதுதான் அவர் தொண்டு.

பிரேம் அத்தனையும் எட்டுக்குப் பத்து இஞ்ச். கோயம்புத்தூர் பக்தர் ஒருவர் லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார். “ஆயிரம் பிரேமுங்க, எல்லாம் ஒரே சைசுங்க. படத்துக்குப் படம் அளவு பார்க்கிற ரோதனையே உங்களுக்கு வேண்டாமுங்க” என்று போனில் சொன்னார்.

ரோதனை அங்கேதான் ஆரம்பித்தது.

போனில் எடுக்கிற படம் நெட்டை. பிரேம் குட்டை. மூன்றில் ஒரு பங்கை வெட்டித் தள்ளினால்தான் படம் உள்ளே அடங்கும். மேலே வெட்டினால் சாமி தலை போகும். கீழே வெட்டினால் விழுந்து கிடக்கிறவர் போவார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நல்லசிவம் கீழே வெட்டினார்.

யாரும் குறை சொன்னதில்லை. சென்னைப் பையன் ஒருவன் மட்டும் பிரேமை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அங்கிள், சாமி சூப்பரா இருக்காரு. ஆனா நான் எங்க? என்னைக் காணோமே” என்றான்.

“நீங்க பாதத்துல கரைஞ்சுட்டீங்க தம்பி.”

பையனுக்குப் புல்லரித்துவிட்டது. பிரேமைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

அந்தப் பதில் நல்லசிவத்துக்கே பிடித்துப்போயிற்று. அதன்பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னார்.

இன்றைக்கும் சொன்னார். “பாதத்துல கரைஞ்சு” என்பதுவரை சொல்லிவிட்டு, செண்பகவடிவின் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, கொல்லைப்புறம் சாமியைத் தேடி வந்துவிட்டார்.



சாமி கூடத்துக்கு வந்ததும் செண்பகவடிவு எழுந்து குனியப் போனாள்.

“வேண்டாம், உக்காருங்க” என்று சாமி தானும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

அவள் மடியில் பிரேம் இருந்தது. கண்ணாடிக்குள் சாமி நின்றுகொண்டிருந்தார், கீழே பார்த்துச் சிரித்தபடி. படத்தின் அடி ஓரத்தில் இரண்டு விரல் நுனி.

“இது அவுக விரலுதான்” என்றாள். “நகத்தைப் பாருங்க. தராசுப் படிக்கல்லு விழுந்து நசுங்குன நகம்.”

சாமி பிரேமை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நான் யாரைப் பாத்துச் சிரிக்கேன், நல்லசிவம்?”



“மிச்சம் போனுக்குள்ள இருக்குமுல்லா?” என்று செண்பகவடிவு கேட்டாள்.

“போன் நிறைஞ்சுடுதும்மா. பிரிண்ட் போட்டதும் அழிச்சுடுவேன்.” தரையைப் பார்த்துத்தான் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “முழுப் படம் இருந்தாலும் முகம் தெரியாதும்மா. குப்புற விழுந்து கிடந்தார். வெறும் முதுகுதான்.”

“முகம் எனக்கு எதுக்குய்யா?”

அவள் குரல் உயரவில்லை.

“முகம் ஆதார்ல இருக்கு. ரேசன் கார்டுல இருக்கு. ஓட்டுக் கார்டுல முழிச்சிக்கிட்டு இருக்கு. முப்பத்தோரு வருசம் சந்தை சந்தையா அவுக மொபெட்ல பின்னால உக்காந்து போனவ நான். நான் பாத்ததெல்லாம் முதுகைத்தான். முதுகை எவன் படம் எடுக்கான்? நீங்க ஒருத்தர்தான் எடுத்திய.”

நல்லசிவம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

சாமி அவர் பக்கம் திரும்பினார். “அந்தப் படத்தைக் கடைசியாப் பாத்தது யாரு?”

“நான்தான் சாமி.”

“வெட்டுன பக்கத்தை?”

“அதையும் நான்தான்.”

“சொல்லுங்க, கேப்போம். அவர் முதுகு எப்படி இருந்துச்சு?”

நல்லசிவம் கண்ணை மூடினார். போன் திரை கண்ணுக்குள் வந்தது. படத்தின் மேல் வெட்டுகிற கட்டம் வந்தது. விரலால் அதை மேலே நகர்த்தியது ஞாபகம் வந்தது. சாமி தலைக்கு மேல் கொஞ்சம் இடம் வேண்டும் என்று இன்னும் நகர்த்தியது, போதாது என்று இன்னும் நகர்த்தியது, எல்லாம் ஞாபகம் இருந்தது. கட்டத்துக்குக் கீழே என்னவோ கிடந்தது.

“நீலச் சட்டை” என்றார். “கோடு போட்டது.”

“அவுக அன்னைக்குச் சட்டையே போடலையே” என்றாள் செண்பகவடிவு. “துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுல்லா விழுந்தாவ. சட்டையைக் கையில வச்சிக்கிட்டு உங்க பக்கத்துல நின்னது நானு.”

நல்லசிவம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவளைப் பார்க்க வேண்டும்.

“தெரியலைம்மா” என்றார் கடைசியில். “நான் பார்க்கவே இல்லை.”

அவள் அழுதிருந்தால் தேவலை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. பிரேமைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மஞ்சப்பைக்குள் வைத்தாள்.

“நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் இருட்டுமுன்ன வீடு போய்ச் சேரலாம்” என்று எழுந்தாள்.

“சாமி.” நல்லசிவமும் எழுந்தார். “ஏதாவது பரிகாரம் சொல்லுங்க. மிச்சமிருக்கிற பிரேமையெல்லாம் வேணும்னா ஆத்துல கொண்டுபோய்ப் போட்டுடறேன்.”

“ஆறு உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சுது?”

“அப்போ நான் என்னதான் செய்ய?”

சாமி செண்பகவடிவின் பையைப் பார்த்தார்.

“மடத்து மொபெட்ல பெட்ரோல் இருக்கா?”

“இருக்கு.”

“இவங்களை வீட்டுல கொண்டு விட்டுட்டு வாங்க.”



பதினெட்டு கிலோமீட்டர்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முதல் மைலிலேயே வார்த்தைகளைக் கோத்து வைத்துக்கொண்டார் நல்லசிவம். திரும்பிச் சொன்னால் வண்டி ஆடும். திரும்பாமல் சொன்னால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். வண்டியை நிறுத்திச் சொல்லலாம். அதற்குத் தைரியம் வரவில்லை.

பாலம் போயிற்று. செங்கல்சூளை போயிற்று. பின்னால் சத்தமே இல்லை. ஆள் இருக்கிறாளா என்றுகூட ஒரு தடவை சந்தேகம் வந்தது.

“ஐயா.”

“சொல்லுங்கம்மா.”

“அவுக இப்படி நிமுந்து உக்கார மாட்டாவ.”

நல்லசிவம் முதுகைத் தளர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம்.”

குனிந்தார்.

“எடது தோளு எறங்கி இருக்கும்.”

இறக்கினார்.

அப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.  ஊர் வரும்வரை நல்லசிவம் நிமிரவில்லை.