கரைத்தெருவுக்கு ஒரு வரி

தேவநேசன் ஊர் ஊராக ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைத்தவர். தலை நரைத்த பிறகுதான் கைபேசித் திரைக்கு எழுத்து அமைக்கக் கற்றுக்கொள்ள ருக்கையாவிடம் வந்தார். அவரைவிட வயதில் இளையவள் ருக்கையா. அவருக்கு அவள் டீச்சர்தான்.

புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. தன்னார்வக் குழு ஒன்றுக்காக எச்சரிக்கைப் பக்கம் செய்து கொடுத்திருந்தார். காலையிலேயே அது இணையத்தில் ஏறிவிட்டது. மதியம், பெரிய கணினித் திரையில் அதை டீச்சருக்குத் திறந்து காட்டினார். இளஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்துகள், கோலம் போட்டதுபோல நெருக்கமாக.

ருக்கையா கணினியைப் பார்க்கவில்லை. தன் கைபேசியில் திறந்தாள். முகம் மாறியது.

"பிடிக்கலையா டீச்சர்?"

அவள் கைபேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள்.

"எழுத்து பார்க்க அழகா இருக்கணுமா, படிக்கச் சுலபமா இருக்கணுமா? எது முதல்ல?" என்று கேட்டார் தேவநேசன்.

"உங்க தங்கச்சி கரைத்தெருவுலதானே இருக்காங்க? போன் போடுங்க. இதை வாசிக்கச் சொல்லுங்க."

புஷ்பம் எடுத்தாள். காற்று இரைந்தது. குழந்தை அழுதது.

"புயல் பக்கத்தைத் திறந்து வாசி புஷ்பம்."

"காலையிலேயே பார்த்துட்டேண்ணே. நாங்க போக வேண்டாம்னுதானே போட்டிருக்கு?"

தேவநேசன் எழுந்து நின்றார். "இல்லடி. திரும்ப வாசி."

"இரு, பிள்ளை இடுப்புல இருக்கு. எழுத்து வேற பொடிப்பொடியா... கரைத்தெரு மக்கள்... வெளியேற வேண்டாம்."

"வேண்டாம்கிறது மேட்டுத்தெருவுக்கு! அது மேல் வரி! நீங்க உடனே கிளம்பணும்!"

இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல்.

இரண்டு வரிகளையும் அத்தனை ஒட்டி வைத்தது அவர்தான். தெருவில் இன்னும் எத்தனை பேர் அப்படி வாசித்தார்களோ? பைக் சாவியை எடுத்தார்.

"எங்கே?"

"ஊருக்கு."

"நீங்க போறதுக்குள்ள புயல் கரையைக் கடந்திடும். பக்கம்னா சிக்னல் வந்ததுமே போய்ச் சேரும். உட்காருங்க."

உட்கார்ந்தார். எழுத்தைப் பெரிதாக்கினார். சாம்பலைக் கறுப்பாக்கினார். வரிகளை விலக்கினார். கைபேசியில் பார்த்தார்.

"இன்னும்," என்றாள் ருக்கையா.

கால்களும் கொம்புகளும் தெளிவாகத் தெரிகிற, அகன்ற எழுத்துருவுக்கு மாற்றினார். கரைத்தெருவின் செய்தியைத் தனியே பிரித்து மேலே கொண்டுவந்தார்.

அவள் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கைபேசியைக் கை நீட்டிப் பிடித்து, அறைக்குள் நடந்துகொண்டே வாசித்தாள். வாசிப்பு எங்கும் தடுமாறவில்லை.

"ஏத்துங்க."

ஏற்றினார். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. புஷ்பத்தின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தார். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. மழை சரிந்து விழுந்தது. ருக்கையா டீ போட்டு வைத்தாள். அது அப்படியே ஆறியது. ஒருமுறை அவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். தோள்கள் குலுங்கின. அவள் அவரைத் தேற்றவில்லை.

இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது.

"அண்ணே, பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டோம். நீ கத்துனதுல பாதி காதுல விழலை. என்னமோன்னு பயந்து, சிக்னல் வந்ததும் மறுபடி திறந்து பார்த்தேன். பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடிவந்துட்டேன். மத்தவங்களும் அவங்கவங்க போன்ல பார்த்துட்டு வந்துட்டாங்க. தெருவுல ஆளே இல்லை."

தேவநேசன் அழுதுவிடக் கூடாதே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

"எழுத்து எப்படி இருந்துச்சு புஷ்பம்?"

"எந்த எழுத்து? உடனே கிளம்பச் சொல்லியிருந்துச்சு, கிளம்பிட்டோம்."

போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கேட்டீங்களா டீச்சர்? எந்த எழுத்துன்னு கேக்குறா."

"கேட்டேன்," என்றாள் ருக்கையா. "இனிமே அந்த எழுத்துல கை வைக்காதீங்க."