வெள்ளைப் பாறைக்கு இந்தப் பக்கம்

"செம்பியன் என்ன தப்பு பண்ணான், மேடம்?"

மலை முகாமுக்கு வந்த முதல் நாளே கதிரேசன் கேட்ட கேள்வி இது. செம்பியன் அவனுடைய சிநேகிதன். போன வருடம் இதே முகாமில் ஹெலிகாப்டர் பயிற்சிக்கு வந்தவன். தனியாகப் பறந்த அன்று கணவாயில் மலைமேல் மோதி இறந்துபோனான்.

பயிற்சியாளர் ஹெலன் கதிரேசனைவிட ஐந்து வயது இளையவர். ஹெலிகாப்டரின் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க" என்றார்.

கணவாய்க்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளைப் பாறை இருக்கிறது. அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு குறுகிவிடும், திரும்ப இடம் கிடையாது. பாறையை நெருங்கும்போது காற்று கொஞ்சம் கீழே அழுத்தினாலும் திரும்பிவிட வேண்டும். முகாமில் யாரும் மீறக்கூடாத சட்டம் அது.

கதிரேசன் சமவெளியில் இரண்டாயிரம் மணி நேரம் பறந்தவன். சட்டமெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று ஐயாவுக்கு நினைப்பு.

"கொஞ்சம் இறங்குது, மேடம்."

"திரும்புங்க."

"இன்னும் கொஞ்சம், மேடம். தாண்டிடலாம்."

ஹெலன் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கித் திருப்பிவிடுவார். ஒன்பது நாளும் இதே கதைதான்.

பறக்கும்போது பேசுவதெல்லாம், தனியாகப் பறப்பவர் ரேடியோவில் பயிற்சியாளரோடு பேசுவதும்கூட, முகாமில் டேப்பில் பதிவாகும். இறங்கியதும் டீ குடித்துக்கொண்டே அதைக் கேட்பது அங்கே வழக்கம். இரைச்சலில் யார் குரலும் தகரத்தைத் தட்டியதுபோல் ஒரே மாதிரிதான் கேட்கும்.

பத்தாம் நாள் கதிரேசனுக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் தனியாகப் பறக்க ஹெலன் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"கையெழுத்துப் போடுங்க, மேடம். இல்லேன்னா, நான் கேட்டதுக்காவது பதில் சொல்லுங்க."

ஹெலன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு டேப்பை எடுத்தார். ஓடவிட்டார்.

"கொஞ்சம் இறங்குது, மேடம்."

"திரும்புங்க."

"இன்னும் கொஞ்சம், மேடம். தாண்டிடலாம்."

அதற்கு மேல் ஓடவிடாமல் சட்டென்று நிறுத்தினார்.

கதிரேசனுக்கு எரிச்சல் வந்தது. "நேத்து நான் பேசினதை எனக்கே எதுக்குப் போட்டுக் காட்டுறீங்க?"

ஹெலன் டேப்பின் உறையை அவன் பக்கம் தள்ளினார். அதில் செம்பியன் பெயரும் போன வருடத்துத் தேதியும் இருந்தன.

டீ ஆறிப்போயிற்று. கையெழுத்துக்காகக் கொண்டுவந்த தாளைக் கதிரேசன் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"நாளைக்கும் நீங்க கூட வாங்க, மேடம்" என்றான்.