மிக்கேலம்மாவுக்குப் பல் அளவு எடுத்தது

அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பல் பிரிவு என்றால் ஒரே ஒரு அறை, ஒரே ஒரு நாற்காலி. அதைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் பெலிசித்தா; கன்னியாஸ்திரீ, பல் டாக்டரும்கூட. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவள் டாக்டர் வினோலியா.

கற்றுக்கொடுத்தவருக்கு முப்பத்து மூன்று வயது. கற்க வந்தவளுக்கு முப்பத்தைந்து. பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், பிறகு இரண்டு பிள்ளைகள், பத்து வருஷம் வீடு. இப்போதுதான் திரும்பியிருந்தாள்.

அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் மிக்கேலம்மா. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவர். ஐஸ் பெட்டியின் மூடி முகத்தில் அடித்து மேல் முன்பல் இரண்டும் போய்விட்டன. இரண்டு பக்கத்துப் பற்களையும் செதுக்கியாகிவிட்டது. இனி அவற்றின் மேல் பாலம் போல நாலு பல்லை ஒரே துண்டாகச் செய்து மாட்ட வேண்டும்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக எட்டு நாள் இருந்தது. பல் செய்து அனுப்ப மதுரை லேபுக்கு ஆறு நாள் வேண்டும். பல் இல்லாமல் மிக்கேலம்மா எண்களைக் கூறினால் பாதி காற்றாகப் போனது. "கூறுறியா, அடுப்பு ஊதுறியா?" என்று வியாபாரிகள் சிரித்தார்கள். முதல் நாள் ஏலத்தில் குரல் எடுபடாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்துவோம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, அளவை அன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

அளவு எடுப்பது இப்படி. ட்ரேயில் நீல மாவை நிரப்பி மேல் பல்வரிசையில் அழுத்தி, நாலு நிமிஷம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மாவு ரப்பர் மாதிரி இறுகியதும் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால், செதுக்கிய பல்லைச் சுற்றி ஈறோரம் இருக்கும் கோடு இழுபட்டுவிடும். கோடு கெட்டால் பல் சரியாக உட்காராது.

வினோலியா இரண்டு தடவை எடுத்தாள். இரண்டாவதையும் சிஸ்டர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் இழுத்திருக்கு. எத்தனை நிமிஷம் பிடிச்சீங்க, டாக்டர்?"

"நாலு."

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டரை," என்றாள் வினோலியா.

"ஏன்?"

"அவங்க ஓங்கரிச்சாங்க, சிஸ்டர். கண்ணெல்லாம் சிவந்துபோச்சு. பார்க்க முடியலை. அவங்களுக்காகத்தான் எடுத்தேன்."

"முடியலைன்னா இடது கையைத் தூக்கணும்னு சொல்லி வச்சிருந்தோமே. தூக்கினாங்களா?"

"இல்லை."

"அப்போ யாருக்காக எடுத்தீங்க?"

வினோலியா கை கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சின்னவனுக்கு ஒரு தடவை வேர்க்கடலை தொண்டையில மாட்டிக்கிச்சு. முகமே நீலமாப் போச்சு. அதுலேர்ந்து யாராவது இருமினாக்கூட என் உடம்பு எழுந்து ஓடுது. இந்தப் பயம் எப்போ போகும், சிஸ்டர்?"

சிஸ்டர் புதிய கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன, ரெண்டு பேரும் மந்திரம் ஓதுறீங்க?" என்று நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. பொக்கை வாயோட போய்க் கூறிக்கிடுதேன்."

"இந்தத் தடவை நான் எடுக்கிறேன், மிக்கேலம்மா," என்றார் சிஸ்டர். "மாவு வாய்க்குள்ள போனதும் வலது காலை ஒரு சாண் தூக்கி அப்படியே வச்சுக்கணும். இறக்கக் கூடாது."

"பல்லுக்கும் காலுக்கும் என்ன சிஸ்டரு?"

"மனசு காலுக்குப் போச்சுன்னா தொண்டை சும்மா இருக்கும். டாக்டர், நீங்க கீழே உட்கார்ந்து அவங்க காலைப் பாருங்க. இறங்கினா சொல்லுங்க."

வினோலியா தரையில் மண்டியிட்டாள். மாவு உள்ளே போனது. மிக்கேலம்மாவின் கால் மேலே வந்தது. குதிகால் வெடிப்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு நிமிஷம் ஆனதும் அவர் ஓங்கரித்தார். கால் இறங்கியது.

"கால், சிஸ்டர்!"

"தூக்குங்க, மிக்கேலம்மா," என்றது மேலேயிருந்து ஒரு நிதானமான குரல். "மூக்கால மூச்சு விடுங்க. நான் இங்கேதான் இருக்கேன்."

கால் மறுபடி ஏறியது. அதற்குப் பக்கத்திலேயே சிஸ்டரின் அங்கியின் கீழ்விளிம்பு தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. மின்விசிறி நின்றிருந்த அறை அது. அங்கிக்குள்ளே முட்டி ஆடியது. செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கித் தரையைக் கவ்விப் பிடித்திருந்தன.

வினோலியா நிமிர்ந்து பார்த்தாள். ட்ரேயைப் பிடித்திருந்த கை, சுவரில் அடித்த ஆணிபோல் இருந்தது.

நாலு நிமிஷம் ஆயிற்று. சிஸ்டர் ஒரே இழுப்பில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். இடது பக்கம் கோடு முழுசாக விழுந்திருந்தது. வலது பக்கம், கோட்டின் மேலேயே, கடுகளவு ஒரு காற்றுக்குமிழ்.

"சின்னதுதானே," என்றாள் வினோலியா. "லேப்ல சுரண்டிச் சரி பண்ணிக்குவாங்க."

"லேப்ல மிக்கேலம்மாவோட வாய் இருக்கா?"

சிஸ்டர் அந்த அளவைக் குப்பைக்கூடையில் போட்டார். நாற்காலி பக்கம் திரும்பி, "தப்பு என்னோடது, மிக்கேலம்மா. மாவு வைக்கும்போது காத்து புகுந்திருக்கு. இன்னொரு தடவை எடுக்கணும்," என்றார்.

"நல்லாருக்கே! ஒரு கூடை மீனை நான் நாலு வாட்டி கூறினா மூஞ்சியில துப்பிட்டுப் போயிருவான்." மிக்கேலம்மா வாயைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ஒரே வாட்டி. அதோட எந்திரிச்சுப் போயிருவேன், பாத்துக்கிடுங்க."

"ஒரே தடவை போதும். டாக்டர் எடுப்பாங்க."

"அந்தப் பிள்ளையா? அது எனக்கு முந்தி அழுதுருமே!"

வினோலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சிஸ்டர் தரையில் மண்டியிட்டு, மிக்கேலம்மாவின் காலுக்கு நேராக உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லை. வினோலியா, கோடு தெரியும்படி ஈறை விலக்கி வைக்கச் செருகியிருந்த நூலை எடுத்தாள், பல்லைக் காயவைத்தாள். முதலில் இளக்கமான மாவைக் கோட்டைச் சுற்றிக் கை எடுக்காமல் ஓடவிட்டாள். ட்ரேயை ஏற்றி அழுத்தினாள்.

முதல் நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது நிமிஷத்தில் மிக்கேலம்மாவின் வயிறு எக்கியது. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வேர்க்கடலை மாட்டியபோது வந்த அதே சத்தம். வினோலியாவின் முட்டி நாற்காலியின் தகரத்தில் இடித்தது. டக் டக்கென்று அறை முழுக்கக் கேட்டது.

"மூக்கால மூச்சு விடுங்க," என்றாள். "இடது கை உங்ககிட்டதான் இருக்கு. முடியலைன்னா தூக்குங்க, உடனே எடுத்துடறேன்."

மிக்கேலம்மாவின் இடது கை மடியிலிருந்து எழவில்லை. சேலையைப் பிடித்துக் கசக்கியது, அவ்வளவுதான்.

"கால் இறங்குது," என்றார் சிஸ்டர் கீழேயிருந்து.

"காலைத் தூக்குங்க. இன்னும் ஒரு நிமிஷம். நான் எங்கேயும் போகலை."

கடிகாரமுள் சுற்றியது. டக் டக் நிற்கவில்லை. நாலு நிமிஷம் ஆனதும் ஒரே இழுப்பு.

சிஸ்டர் எழுந்து வந்து பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். கோடு இரண்டு பக்கமும் சுற்றி வந்து தன்னைத் தானே தொட்டது. எங்கும் அறுபடவில்லை.

"மதியம் பஸ்ல லேபுக்கு அனுப்பிடலாம்," என்றார்.

மிக்கேலம்மா வாய் கொப்பளித்துத் துப்பினார். "செத்தேன்னு நெனச்சேன், பிள்ள."

"நானும்தான்," என்றாள் வினோலியா, யோசிக்காமல்.

மிக்கேலம்மா வினோலியாவை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய இடைவெளி முழுக்கத் தெரியச் சிரித்தார். "புதன்கிழமை வாறேன். நீயே மாட்டி விடு," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அறையில் இருவரும் ட்ரேக்களைக் கழுவினார்கள்.

"சிஸ்டர், பயம் போகலை," என்றாள் வினோலியா. "நாலு நிமிஷமும் இருந்துச்சு."

"எங்கே இருந்துச்சு?"

வினோலியா தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"முட்டியில."

"அங்கேயே இருக்கட்டும்," என்றார் சிஸ்டர். "அவங்க வாய்க்குள்ள போகாம பார்த்துக்கிட்டீங்க இல்லையா. அடுத்தவங்களைக் கூப்பிடுங்க."