இறங்கிக்கொண்டே ஏறிய எறும்பு

குன்றின்மேல் இருந்த கிளைடர் பயிற்சிக்கூடத்தில் தலைமைப் பயிற்சியாளர் வேதமாணிக்கம் வைத்ததுதான் சட்டம். எஞ்சின் இல்லாத அந்த விமானத்தை, வெயிலுக்குப் பயந்து, விடியற்காலைக் குளிரில்தான் எடுப்பார். ஐந்தே நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுவார்.

"உச்சி வெயில்ல கரும்பாறை மேல ஓட்டிப் பாருங்கய்யா, பருந்தெல்லாம் அங்கதான் ஏறுது" என்றாள் தண்ணீர் இறைக்கும் சடைச்சி.

அவருக்குச் சுருக்கென்றது. "இறக்கை தாங்கினாலும் காத்து பின்னால இழுக்கும், முன்னால தள்ள எஞ்சின் கிடையாது. கிளைடர் இறங்கித்தான் ஆகணும். இறங்கிக்கிட்டே மேல போற ஒண்ணைக் காட்டு, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

சடைச்சி கிணற்றை எட்டிப் பார்த்தாள். கயிற்றில் ஓர் எறும்பு கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கயிற்றை மளமளவென்று இழுத்தாள். இறங்கிக்கொண்டே இருந்த எறும்பு அவர் மூக்குக்கு நேரே வந்துவிட்டது.

"எறும்பு இறங்குதுதான். கயிறு அதைவிட வேகமா ஏறுதே! பாறைச் சூட்டுல எழும்புற காத்தும் அப்படித்தான்யா."

அவள் சொன்னதைப் பொய்யாக்கவே அன்று நண்பகலில் அவர் கரும்பாறைக்குப் பறந்தார். ஒரு மணி நேரம் கழித்தும் மேகத்தருகே புள்ளியாகத்தான் தெரிந்தார்.

"எப்போ இறங்குவாரு?" என்று மாணவர்கள் கேட்டார்கள்.

"இறங்கிக்கிட்டுதான் இருக்காரு" என்றாள் சடைச்சி, வாளியைக் கிணற்றில் விட்டபடி.