நீலத்தைக் கண்டவர்

கொற்றியார் ஆற்றின் தென்கரையில் அவுரி இலையிலிருந்து நீலம் எடுத்துத் துணி தோய்த்துவந்தார். அவருடைய மாணவர் நக்கன் ஆசிரியரைவிட வயதில் மூத்தவர்; முன்பு கல்தச்சராக இருந்தவர்.

ஒருநாள் காலையில் நக்கன் பட்டறை வாயிலில் ஒரு கல்லை நிறுத்தினார். உளியைக் கையில் எடுத்தார்.

“என்ன இது, நக்கரே?”

“அரசாணை தெரியாதா, அம்மையே? நீலத்தை முதலில் கண்டறிந்த குடிக்கே இனி அதைத் தோய்க்கும் உரிமையாம். மற்றவர் தாழிகளை உடைத்துவிடுவார்களாம். வடகரைக் காடனார் தம் பாட்டனார் பெயரைக் கல்லில் வெட்டி நட்டுவிட்டார். நான் உங்கள் பெயரை வெட்டப்போகிறேன்.”

“நான் கண்டறியவில்லையே.”

“அவர் பாட்டனார் மட்டும் கண்டறிந்தாரா? அந்த மனிதர் கண்டறிந்தது பகலுறக்கம் ஒன்றைத்தான்!”

கொற்றியார் சிரித்தார். நக்கன் சிரிக்கவில்லை.

“நீங்களும் இல்லை, அவரும் இல்லை என்றால் பின் யார்தாம் கண்டறிந்தவர்?”

“அதைத்தான் நானும் கேட்க வந்தேன்” என்றது ஒரு குரல். அரசரின் அதிகாரி வாயிலில் நின்றார். அவருக்குப் பின்னால் உலக்கை ஏந்திய ஆட்கள் நின்றனர்.

கொற்றியார் ஓர் அவுரி இலையைக் கசக்கி அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதில் நீலம் தெரிகிறதா, ஐயா?”

“பச்சைதான் தெரிகிறது.”

இலை ஊறிக்கொண்டிருந்த தொட்டிக்கு அவரை அழைத்துச் சென்றார். அதிகாரி மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இதில் எருமை ஏதும் விழுந்து இறந்ததா?”

“வெறும் இலைதான், ஐயா” என்றார் நக்கன். துடுப்பை எடுத்து, இலையை அகற்றி நீரை அடித்தார். அடிக்க அடிக்க அது காற்றைக் குடித்தது, நுரை நீலமாயிற்று. அதிகாரி மூக்கை மறந்தார்.

“கிடைத்துவிட்டதே! நீரை அடித்தவர்தாம் கண்டறிந்தவர்.”

கொற்றியார், முன்பே இவ்வாறு அடித்த நீரின் அடியில் தங்கச்செய்து எடுத்துவைத்திருந்த நீலக் குழம்பில் ஒரு துணியைத் தோய்த்து ஆற்றில் அலசினார். நீலம் முழுதும் ஆற்றோடு போயிற்று.

“ஒட்டவில்லையே!”

கொற்றியார் ஒரு தாழியின் மூடியைத் திறந்தார். அதே குழம்பு சுண்ணாம்போடும் வேகவைத்த தகரைச் செடியின் விதையோடும் அதனுள் புளித்துக்கொண்டிருந்தது. நீர் மஞ்சளாக இருந்தது.

“இதில் இட்ட நீலம் எங்கே?” என்றார் அதிகாரி.

“மறைந்துவிட்டது.”

“கெட்டுவிட்டதா?”

கொற்றியார் ஒரு வெள்ளைத் துணியைத் தாழிக்குள் மெல்ல இறக்கினார். சற்றுப் பொறுத்து வெளியே எடுத்து விரித்தார். துணி மஞ்சளாக இருந்தது. காற்றுப் பட்டதும் மஞ்சள் பச்சையாயிற்று. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை ஓரங்களிலிருந்து நீலமாகிக்கொண்டு வந்தது. ஆட்கள் உலக்கைகளைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தனர். நாள்தோறும் அதைப் பார்க்கும் நக்கனும் எட்டிப் பார்த்தார்.

கொற்றியார் அந்தத் துணியை ஆற்றில் அலசினார். நீலம் போகவில்லை.

அதிகாரி துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “நான் யார் பெயரை அரசரிடம் சொல்வது?”

“கிடைத்த நீலம் தாழிக்குள் மறைந்துபோன பின்னும், அந்த நீரைக் கொட்டாமல், அதில் ஒரு துணியை நனைத்துப் பார்த்தவர் ஒருவர் இருந்திருக்கிறார், ஐயா. அவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று கேட்டுவந்து சொல்லுங்கள். மற்றக் கரையின் தாழிகளை நாங்களே உடைத்துவிடுகிறோம்.”